நெல்லையிலிருந்து சென்னைக்குக் குடிபோகிறவர்களுக்கு: வீடு எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

அம்பாசமுத்திரத்திலிருந்து சென்னைக்குப் போன முதல் 14 மாதங்களில் நாங்கள் மூன்று வீடு மாறினோம். முதல் வீட்டில் தண்ணீர் சரியில்லை. இரண்டாவது வீட்டில் தண்ணீர் நன்றாக இருந்தது. ஆனால் நான் வேலைக்குப் போய்வரவே நாளுக்கு நான்கு மணி நேரம் ஆனது. மூன்றாவது வீட்டில்தான் கால் ஊன்றினோம். ஒவ்வொரு முறையும் தரகு, லாரி வாடகை, முன்பணத்தில் பிடித்துக்கொண்ட பெயின்ட் கூலி என்று பணம் கரைந்தது. அதைவிட, இரண்டாம் வகுப்புப் படித்த மகள் ஒரே ஆண்டில் இரண்டு பள்ளிக்கூடம் மாறி அழுதது இன்னும் மனதை அறுக்கிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. உறவுக்காரர் இருக்கும் இடத்தை விடுங்கள். வேலை இருக்கும் இடத்தைக் குறியுங்கள்

சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்றதும், "அம்பத்தூரில் சித்தப்பா இருக்கிறாரே, அங்கேயே வீடு பாருங்கள்" என்பார்கள். பாளையங்கோட்டைக்கும் டவுனுக்கும் உள்ள தூரத்தை நினைத்துச் சொல்கிற பேச்சு அது. அம்பத்தூருக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே உள்ள தூரம், அம்பையிலிருந்து நெல்லை ஜங்ஷனுக்கு வருகிற தூரம். அம்பை பஸ் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடும். சென்னையில் காலை எட்டரை மணிக்கு அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் கையில் இருக்க வேண்டும். ஆகவே சென்னையில் கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்.

வேலை ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் என்றால் முதலில் அந்தச் சாலையில் எங்கே என்று பாருங்கள். தரமணி, பெருங்குடிப் பக்கமானால் வேளச்சேரியும் திருவான்மியூரும் வசதி. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரும் பறக்கும் ரயில் இரண்டையும் தொடுகிறது. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்றால் அது வேறு கணக்கு. அதற்கு மேடவாக்கம் பக்கமோ, தாம்பரம் கிழக்கில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கமோ பார்க்கலாம். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்குச் சாலை உண்டு.

கிண்டியில் வேலை என்றால் உங்களுக்கு யோகம்தான். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று மின்சார ரயில் பாதையில் எங்கே இருந்தாலும் போய்வரலாம். மெட்ரோவும் கிண்டியைத் தொடுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி. மறைமலை நகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் படப்பை, தாம்பரம் மேற்கு, சிங்கப்பெருமாள்கோவில். ஸ்ரீபெரும்புதூர் என்றால் பூந்தமல்லியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. மின்சார ரயில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடுகிற அளவு அடிக்கடி, தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை ஓடுவதில்லை. "ரயில் நிலையம் பக்கத்திலேயே" என்ற விளம்பரத்தை நம்பி நான் கூடுவாஞ்சேரியில் குடியேறினேன். ரயில் நிலையம் பக்கத்தில்தான் இருந்தது. எனக்கு வேண்டிய நேரத்தில் ரயில் இல்லை.

2. கணவன், மனைவி இருவருக்கும் வேலை என்றால்

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை, எனக்குச் சோழிங்கநல்லூரில். இரண்டுக்கும் நடுவில் பார்ப்போம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தோம், அதுதான் தவறு. அவருக்குக் கம்பெனி பஸ் உண்டு. ஏறி உட்கார்ந்தால் தூங்கிக்கொண்டே போகலாம். நானோ ரயில் ஏறி, பஸ் மாறி, நின்றுகொண்டே போக வேண்டும். கம்பெனி பஸ் உள்ளவர் கூடுதல் தூரம் போகட்டும். வண்டி மாறிப் போகிறவருக்குப் பக்கத்தில் வீடு இருக்கட்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் செம்பாக்கத்துக்கு வந்தோம். அவர் தாம்பரம் வரை இருசக்கர வாகனத்தில் போய்க் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறார். எனக்கு ஒரே பஸ். வேலையில் சேரும் முன்பே கம்பெனி பஸ் நிற்கும் இடங்களின் பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஊருக்குப் போய்வருவதையும் கணக்கில் சேருங்கள். வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எழும்பூர் போகிற நம் ஊர் ரயில்கள் தாம்பரத்தில் நின்று போகின்றன. தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டுக்குப் பதிலாகக் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன; அந்த நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் வீடு இருந்தால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவு எட்டு மணிக்கு போன் வந்தாலும் அரை மணி நேரத்தில் பஸ் ஏறிவிடலாம். பண்டிகைக்குப் போவதற்கு ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

3. முதல் மாதம் விடுதியில் தங்குங்கள்

ஊரிலிருந்தபடியே செல்பேசியில் படம் பார்த்து வீடு முடிக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர் முதலில் தனியாகப் போய் ஒரு மாதம் விடுதியில் தங்கி, அங்கிருந்து வேலைக்குப் போய்வந்தபடி சனி, ஞாயிறுகளில் வீடு தேடட்டும். அந்த ஒரு மாதச் செலவு வீண் இல்லை.

பெண்கள் தனியாகப் போவதானால், வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ளன. தனியார் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டு விடுதிச் சட்டத்தின்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்தில் தங்காதீர்கள்.

4. எந்த மாதம் தேடுவது

ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளின் படிப்பை வைத்து எல்லாரும் வீடு மாறுகிறார்கள். நல்ல வீடு காலையில் காட்டினால் மாலையில் போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச யாரும் விரும்புவதில்லை. அப்போது காலியான வீடு காலியாகவே நிற்கும். வீட்டுக்காரரும் இறங்கிப் பேசுவார். மனத்தடை இல்லாதவர்கள் அந்த மாதங்களிலேயே குடிபோகலாம். தடை உள்ளவர்கள் ஆடியில் பேசி முடித்து, ஆவணி முதல் தேதியில் பால் காய்ச்சலாம். நாங்கள் மூன்றாவது வீட்டை அப்படித்தான் முடித்தோம். வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைந்தது.

பிள்ளை இருந்தால், பள்ளிக்கூடம் முடிவாகாமல் வீட்டை முடிக்காதீர்கள். பல தனியார் பள்ளிகளில் ஜூன் மாதச் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் இந்த நெருக்கடி இல்லை.

5. தண்ணீரைப் பாருங்கள்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்குத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. குழாயைத் திறந்தால் வரும், குடித்தால் இனிக்கும் என்றுதான் வளர்ந்திருக்கிறோம். ஓ.எம்.ஆர். உட்பகுதியில் நாங்கள் பிடித்த முதல் வீட்டில் பளிங்குத் தரை, இரண்டு பால்கனி, கிழக்குப் பார்த்த வாசல் எல்லாம் இருந்தன. குடிபோன மறுநாள் சாம்பாருக்குத் துவரம்பருப்பு வைத்தேன். குக்கர் ஆறு விசில் அடித்தும் பருப்பு விதை விதையாகவே கிடந்தது. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் காய்ந்ததும் உள்ளே வெள்ளையாகப் படலம். இரண்டு மாதத்தில் குழாய் வாயெல்லாம் சுண்ணாம்பு கட்டியது. மகளின் தலைமுடி கொட்டியதைப் பார்த்து அம்மா, "பிள்ளையைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிடு" என்று போனில் அழுதார்.

இப்போது வீடு பார்க்கப் போகும்போது நான் கைப்பையில் ஒரு சோப்புத் துண்டு வைத்திருக்கிறேன். சமையலறைக் குழாயில் கை நனைத்துச் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரை வராமல் கையில் பிசுக்காகத் திரிந்தால் அது கடின நீர். குளியலறை வாளியின் அடியையும் குழாய் மூக்கையும் பாருங்கள். வெள்ளடித்தாலும் அவை உண்மையைச் சொல்லிவிடும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவுக் கருவி மலிவாகவே கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை.

பிறகு கேள்விகள். ஆழ்துளைக் கிணறா, குடிநீர் வாரியக் குழாயா, லாரியா? வாரியக் குழாய் என்றால் எத்தனை நாளுக்கு ஒரு முறை? மோட்டார் எப்போது, எவ்வளவு நேரம் போடுவார்கள்? லாரித் தண்ணீர் என்றால் அந்தப் பணம் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா, தனியா? கடைசியாக, ஏப்ரல், மே மாதங்களில் எப்படி? 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்கள். ஐப்பசி மழையில் பார்க்கும் வீடு சித்திரையில் எப்படி இருக்கும் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இந்தக் கேள்விகளை வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ மட்டும் கேட்டுப் பயனில்லை. மேல்மாடியில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, தெருமுனை மளிகைக் கடை. சென்னைத் தெருக்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் நம் பக்கத்து அண்ணாச்சியாகவே இருப்பார். ஒருமுறை மேடவாக்கம் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல் ஒரு கடையில் சோடா வாங்கினேன். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே, "எந்த ஊர் அம்மா, அம்பையா, கல்லிடைக்குறிச்சியா?" என்றார் கடைக்காரர். அவர் நாசரேத் பக்கம். எந்த வீடு என்று சொன்னேன். கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அந்த வாசலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி நிற்கிறது. யோசித்துச் செய்யுங்கள் அம்மா." அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்னொரு குடிமாற்றத்தை மிச்சப்படுத்தியது. எந்தத் தெருவுக்குப் போனாலும் அண்ணாச்சியிடம் நின்று பேசிவிட்டு வாருங்கள்.

6. வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததை நாம் பார்த்தவர்கள். அதே மாதம் இரண்டு வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையும் மூழ்கியது. 2015லும் 2023லும் நீர் சூழ்ந்த பகுதிகளில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம் ஆகியவை உண்டு. முழுப் பகுதியையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் இடுப்பளவு நின்றபோது அடுத்த தெரு காய்ந்து கிடந்தது. தெருவாகத்தான் விசாரிக்க வேண்டும்.

நம் பக்கம் குளம் என்று முடியும் பெயர்போல அங்கே ஏரி, தாங்கல் என்று வரும் பெயர்கள். தெருப் பெயரில் அவை இருந்தால் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள். சுற்றுச்சுவரிலும் மின்பெட்டிக்குக் கீழேயும் பழைய நீர்க்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தரைத்தளம் வாடகை குறைவு என்று ஆசைப்படுவதாக இருந்தால், தெருமட்டத்தைவிட வாசல் எத்தனை படி உயரம் என்று எண்ணுங்கள். சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதால் வீடு பள்ளத்துக்குப் போன தெருக்கள் நிறைய உண்டு.

7. பணக் கணக்கு

மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம், அப்படியானால் 1,50,000. இப்போது ஆறு மாதம், மூன்று மாதம் என்று இறங்கியவர்களும் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இதைச் சொல்லிப் பேசுங்கள். சண்டையாக வேண்டாம், தெரிந்து பேசுகிறீர்கள் என்று தெரிந்தாலே போதும். தரகு ஒரு மாத வாடகை. ஆறு மாத முன்பணமானால் 90,000, தரகு 15,000, முதல் மாத வாடகை 15,000 என்று சாவி கைக்கு வரும் முன்பே 1,20,000 ரூபாய் வேண்டும். லாரி இதில் சேராது.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். மின்வாரியக் கணக்கில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் வீட்டுக்குத் தனி இணைப்பு இல்லாமல் உள்மீட்டர் வைத்து, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கிப் பழைய பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

8. ஒப்பந்தமும் ஏமாற்றும்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதுவார்கள். முன்பணத் தொகை, அதைத் திருப்பித் தரும் காலம், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வாடகை உயர்வு எவ்வளவு, பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, முன்பணம் திரும்ப வர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையவழியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு எண் இருந்தால்தான் பிற்பாடு புகார் சொல்ல வலு இருக்கும். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். எங்கள் முதல் வீட்டில் பாதியை ரொக்கமாகக் கொடுத்தோம். திரும்பக் கேட்டபோது அந்தப் பாதிக்குச் சாட்சி இல்லை.

வீட்டைப் பார்க்கும் முன் "டோக்கன் அட்வான்ஸ்" அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போய்விட்டேன், சாவி காவலாளியிடம் இருக்கிறது என்று பேசுபவரை நம்பவே நம்பாதீர்கள்.

நம் ஊரில் ஒத்தி என்கிறோமே, அதைச் சென்னையில் லீஸ் என்பார்கள். சில லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகை இல்லை. இதில் ஒரு பெரிய மோசடி நடக்கிறது: இடையில் ஒருவர் வீட்டை உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு, சில மாதத்தில் வாடகையை நிறுத்திவிடுவார். உரிமையாளர் உங்களைக் காலி செய்யச் சொல்வார். உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போடாத லீஸ் வேண்டாம். வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். வீடு வங்கிக் கடனில் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று நேரடியாகவே கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. எங்களிடமும் கேட்டார்கள். கேட்ட வீட்டை அத்தோடு விட்டோம். சாதி பார்த்து வீடு தருகிறவர் நாளைக்கு யார் வருகிறார்கள், என்ன சமைக்கிறீர்கள் என்று கணக்கெடுப்பார். அங்கே பிள்ளை வளர்க்க முடியாது.

9. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்

எரிவாயு முகவரிடம் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, இணைப்பை மாற்றுவதற்கான சீட்டை வாங்குங்கள்; அது இல்லாவிட்டால் சென்னையில் புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளியில் மாற்றுச் சான்றிதழோடு பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக்கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்) எழுதி வாங்குங்கள். ஆதார், பான் அட்டை நகல்கள், வேலை உத்தரவு நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஐந்தாறு கையில் இருக்கட்டும்.

சாமான் ஏற்றச் சென்னைக்குத் திரும்பும் காலி லாரியை விசாரியுங்கள். தனி லாரியைவிடக் குறைவாக வரும். பேசும்போதே எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் இறக்குகூலியில் தகராறு வரும். இருசக்கர வாகனத்தை ரயில் பார்சலில் அனுப்பலாம். பதிவுச் சான்று நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும், பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட வேண்டும். நெல்லை எண் வண்டியை அப்படியே ஓட்டலாம், ஒரே மாநிலம்தான்.

10. குடிபோன பிறகு

சாமான் இறக்கும் முன் காலி வீட்டை அறை அறையாகப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சுவர் விரிசல், உடைந்த தாழ்ப்பாள், கறை எல்லாம் அதில் தெரியட்டும். மீட்டர் அளவையும் படமெடுங்கள். பெயின்ட் கூலி என்று பேச்சு வரும் நாளில் இந்தப் படங்கள்தான் பேசும்.

ஆதார் முகவரி மாற்றத்துக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் செல்லும். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8. குடும்ப அட்டை மட்டும் பொறுத்துச் செய்யுங்கள். ஊரில் மாமனார், மாமியார் பெயரும் அதே அட்டையில் இருந்தால், அட்டையைச் சென்னைக்கு மாற்றிய பிறகு அவர்கள் ஊர்க் கடையில் அரிசி வாங்குவது சிக்கலாகலாம். முதலில் அவர்களுக்குத் தனி அட்டை, பிறகு உங்கள் பெயர் மாற்றம். நாங்கள் இதை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, செம்பாக்கம் வீடுதான் இனி என்று உறுதியான பிறகே செய்தோம்.